சனிக்கிழமை நாக்கு

செங்குளத்தில் பத்திர எழுத்தர் ஆறுமுகநயினாரின் நாக்கு சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குக் கழன்று வருவதும், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்வதும், பால்காரர் வந்து போவதைப் போல ஒரு வழக்கமாகிவிட்ட பிறகு, அந்த ஊரில் யாரும் நாக்கைப் பற்றி வியந்து பேசியதில்லை. பேசியதெல்லாம் அவருடைய கட்டுப்பாட்டைப் பற்றித்தான். என்ன மனுசன், என்ன வைராக்கியம் என்று டீக்கடையில் பேசினார்கள், முடிவெட்டும் கடையில் பேசினார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பேசினார்கள். அந்த வைராக்கியத்தைக் கிண்ணத்தில் போட்டு மூடிவைத்து, பூனை கொண்டுபோகாமல் காவல் காத்தவள் அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள். அவளைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை, ஆகையால் நாம் பேசுவோம்.

பேச்சி கடற்கரைக்காரி. கட்டிக் கொடுத்து இந்த வறண்ட ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் அவளுடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள், அதை மாற்றிக்கொண்டாள். அவள் சேலை கட்டும் விதத்தைச் சொன்னார்கள், அதையும் மாற்றிக்கொண்டாள். மாற்றிக்கொள்ளாமல் மிச்சம் வைத்திருந்தது மீன் ஒன்றுதான். மீன்காரி சூசையம்மாள் வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஊருக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவள், செங்குளத்துக்கு அவள் வருவது சனிக்கிழமை மட்டும். அந்த ஒரு நாளுக்காகப் பேச்சி மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொள்வாள். ஆறுமுகநயினாருக்கோ ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி உண்டு, புதன்கிழமை கோழி உண்டு. வாரத்தில் ஒரு நாள் கவிச்சியை விடுவது, அதுவும் சாமிக்காக இல்லை, மனசுக்கு ஒரு லகான் போட என்று அவர் காலை நடைக் கூட்டாளிகளோடு பேசி முடிவெடுத்தபோது, எந்த நாளை விடலாம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து, கடைசியில் அவர் விட்டது சனிக்கிழமையை. அதாவது அவர் விட்டது அவளுடைய நாளை.

சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. முப்பது வருஷம் பத்திரம் எழுதிய கை, அதனால் முத்திரைத்தாள் வாங்கி எழுதினார். செங்குளம் கீழத்தெருவில் வசிக்கும் காலஞ்சென்ற பேராச்சிமுத்து குமாரர் ஆறுமுகநயினார் ஆகிய நான், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, நல்ல நினைவுடனும் முழு மனச் சம்மதத்துடனும் எழுதிவைத்த உறுதிமொழிப் பத்திரம் என்னவென்றால், இனி வரும் சனிக்கிழமைகளில் கவிச்சி எதையும் நானும் என்னைச் சார்ந்தவர்களும் வாயில் வைக்க மாட்டோம். இதுதான் வாசகம். அந்த "என்னைச் சார்ந்தவர்களும்" என்பது அவர் யோசித்து எழுதியது இல்லை. முப்பது வருஷமாக எந்தப் பத்திரத்திலும் "நானும்" என்று எழுதிய கை அங்கே நின்றதில்லை, பழக்கதோஷத்தில் அதுவாகவே எழுதிக்கொண்டு போய்விட்டது. மை காய்வதற்கு முன்பே அவர் அதைக் கவனித்தார். ஒரு கோடு இழுத்து அடித்திருக்கலாம். ஆனால் அடித்தல் திருத்தல் இல்லாத பத்திரம்தான் பத்திரம் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற மனிதர் தன் பத்திரத்தில் கோடு விழ விடுவாரா? விடவில்லை. ஒரு கோட்டைக் காப்பாற்றுவதற்காகப் பெண்டாட்டியின் மீனைப் பறித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

"இதுல என்னை எதுக்குச் சேத்திய?" என்று கேட்டாள் பேச்சி.

"சேக்கலை, சேந்துட்டு," என்றார். "பத்திரத்துல ஏறினது ஏறினதுதான்."

ஐப்பசி மாதம் முதல் சனிக்கிழமை, விடிந்ததும் பல் தேய்த்துவிட்டுக் கிணற்றடியில் நின்று அவர் நாக்கு வழித்துக்கொண்டிருந்தார். ஓங்கரித்து, காறி, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வழிப்பது அவர் வழக்கம். மூன்றாம் வழிப்பில் நுங்குச் சுளை நழுவுகிற மாதிரி நாக்கு முழுசாகக் கையில் வந்துவிட்டது. ரத்தம் இல்லை, வலி இல்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தண்ணீர் ஊற்றி அலசினார், கொண்டுபோய்ப் பேச்சியின் கையில் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார். பேச்சி அதை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு ஒரு கை தண்ணீர் விட்டு, அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வேறு எங்கே வைப்பது?

பத்து மணிக்குத் தெருவில் "மீனேய்" என்ற சத்தம் கேட்டதும் கிண்ணத்துக்குள் ஏதோ துள்ளியது. "ஏட்டி, சாளையா ஊளியான்னு கேளு," என்றது நாக்கு. குரல் அவருடைய குரல்தான், வாய்க்குள் இருக்கும்போது இருக்கிற கனிவும் மரியாதையும் மட்டும் இல்லை. பேச்சி காதில் வாங்காத மாதிரி இருந்தாள். நாக்கு கத்தத் தொடங்கியது. அந்நேரம் நடந்துவிட்டுக் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்த ஆறுமுகநயினார் கத்தலைக் கேட்டார், கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார், பிறகு சுவரில் மாட்டியிருந்த பத்திரத்திடம் போய் "வாயில்" என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, ஒரு துண்டுத் தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்: நாக்கு தற்சமயம் வாயில் இல்லை. ஆகவே தடை இல்லை. மீன் வாங்கவும்.

"அப்பம் எனக்கு?" என்றாள் பேச்சி.

அவர் விரல் பத்திரத்தில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து "என்னைச் சார்ந்தவர்களும்" என்ற இடத்தில் போய் நின்றது.

அன்றையிலிருந்து இதுதான் ஏற்பாடு. சனிக்கிழமை மீன் வாங்கிச் செதில் உரசி, தேங்காய் அரைத்து, சின்ன உள்ளி உரித்து, மண்சட்டியில் குழம்பு வைத்து, ஒரு தட்டில் ஊற்றி நாக்கின் முன்னால் வைப்பாள். அது தட்டுக்குள் இறங்கிப் புரளும். வயிறு இல்லாத நாக்கு எவ்வளவு தின்னும்? நக்கும், அவ்வளவுதான். ஐந்து துண்டு மீனும் அப்படியே கிடக்கும். கவிச்சி வீட்டில் தங்கக் கூடாது என்பதால் அந்த ஐந்து துண்டையும் அவள் கையாலேயே தெருநாய்க்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். போட்டுவிட்டு வந்து தயிரும் சோறும் பிசைந்து தின்ன வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் நாக்கு போய் ஒட்டிக்கொண்டதும், முந்தின நாள் ருசியெல்லாம் அதோடு போய் ஒட்டிக்கொள்ள, ஆறுமுகநயினார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை அரைவாசி மூடி அரைமணி நேரம் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து ஆட்டுக்கறி எடுக்கப் போவார். அவர் எதையும் இழக்கவில்லை. ருசி ஒரு நாள் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

பேச்சிக்கு எரிந்தது. மூன்றாம் சனிக்கிழமை உப்புப் பார்ப்பதற்காக உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விட்டு நக்கிவிட்டாள். எந்தப் பொம்பளையும் செய்கிறதுதான். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார், அவள் எதிரே வந்து நின்று ஊதிக் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டினவனைப் போலீஸ்காரன் ஊதச் சொல்கிற மாதிரி! இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டில், தன் அடுப்புக்கு முன்னாலேயே நின்று பேச்சி வாயை ஊதினாள். அவர் தலையில் ஊற்றுகிற மாதிரிக் காட்ட, கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமைக் குழம்புக்கு உப்பை அவள் கைக்கணக்கில்தான் போட்டாள். நாக்கோ ஒவ்வொரு வாரமும் தட்டில் ஒரு சுற்றுப் புரண்டுவிட்டு, "உப்பு பத்தலை," என்று சொல்லும்.

இதற்குள் ஊர் இதை எடுத்துக்கொண்டுவிட்டது. காலை நடைக்காரர்களில் மாவு மில் கொம்பையா செவ்வாய்க்கிழமையை விட்டார், நாக்கு வந்தது. தலைமையாசிரியர் வியாழக்கிழமையை விட்டார், வந்தது. தையற்கடைக்காரர் வெள்ளிக்கிழமையை விட்டார், ஒரு வாரம் வராமல் அவமானப்பட்டு, அடுத்த வாரம் நாலு தடவை வழித்து எப்படியோ வரவைத்தார். பாத்திரக் கடையில் மூடியில் ஓட்டை போட்ட சின்னக் கிண்ணம் "நாக்குக் கிண்ணம்" என்று தனியாக வந்து அடுக்கில் ஏறியது. காய்ச்சலுக்குப் போனவரை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஓ, இன்னைக்கா," என்று கையைப் பிடித்து நாடி பார்த்து மருந்து எழுதினார். நாக்கு இல்லாத ஆண்கள் எதுவும் பேசாமல் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அவர்கள் முகத்தில் ஒரு ஞானக் களை வந்திருப்பதாக ஊர் கண்டது. பங்காளிச் சண்டை, வேலித் தகராறு எல்லாவற்றையும் அவரவர் நாக்கில்லாத நாளாகப் பார்த்துக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தார்கள். அவர்கள் கண்ணை மூடித் திறந்தால் அது தீர்ப்பு. பதினோரு பேர் சேர்ந்ததும் நாவடக்க மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். தலைவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

குழாயடியில் பெண்கள் வேறு கதை பேசினார்கள்.

"எங்க வீட்டு நாக்கு ஈரல் கேக்குதுக்கா," என்றாள் கொம்பையாவின் பெண்டாட்டி வள்ளிமயில். "கொடுக்கலைன்னா சினிமாப் பாட்டா பாடித் தள்ளுது. போன வாரம் பூனை கவ்விட்டுப் போயி மதில்ல ஏறிட்டு. வெளக்குமாத்தை எடுத்துட்டு ஓடுனேன் பாரு! இப்பம் அவுகளுக்கு ரகரம் வரமாட்டேங்கு. 'எங்க வெச்சிக் காவல் காத்தே'ன்னு எனக்குத்தான் ஏச்சு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பேச்சி சிரிக்கவில்லை.

"நாக்கைப் புடுங்கிக்கிடுத மாதிரி நாலு கேள்வி கேக்கணும்ட்டி," என்றாள்.

"கேளேன்."

"எப்பம் கேக்க? ஞாயித்துக்கிழமை கேட்டா 'பத்திரத்தைப் பாரு'ங்கிற ஒரே பதில். சனிக்கிழமை கேட்டா, புடுங்கிக்கிட அங்க என்ன இருக்கு?"

இப்படியே முப்பது சனிக்கிழமை போயிற்று. முப்பத்தோராவது, வைகாசியில். அன்று காலை பதினோரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் நாவடக்க மன்றத்தின் பாராட்டு விழா. எல்லாரும் மேடையில் ஒன்றாக மௌனமாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று மற்றப் பத்துப் பேரும் அந்த வாரம் மட்டும் தங்கள் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றி, வழித்து எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆறுமுகநயினார் பத்திரத்தையும் சுவரிலிருந்து கழற்றி மேடையில் வைக்க எடுத்துக்கொண்டு போனார்.

சூசையம்மாள் அன்று வாசலிலேயே கூடையை இறக்கி, பனையோலைக்கு அடியிலிருந்து ஒரு விளைமீனை எடுத்தாள். ஒரு முழம் இருக்கும், கண் பளபளவென்று இருந்தது. "உங்க ஊருக் கரையில இன்னைக்கு ஏறினது. இது உனக்கு. விக்கதுக்கு இல்ல, உனக்குன்னு எடுத்தாந்தேன். எத்தனை மாசமா நீ தின்னாம கெடக்கன்னு எனக்குத் தெரியாதா?"

பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கென்று ஒருத்தி ஒன்றைக் கொண்டுவந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதை முந்தானையில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். கொதி வந்து வாசனை எழும்பியதும் கிண்ணத்தின் மூடி தடதடவென்று ஆடியது.

"விளைமீனா? கொண்டா, கொண்டா."

"இது எனக்குச் சூசையக்கா கொடுத்தது," என்றாள் பேச்சி.

"உனக்கு எதுக்கு?" என்றது நாக்கு. கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டது. "பொம்பளைக்கு என்னட்டி நாக்கு ருசி? எனக்கு ஊத்து. இந்தத் தடவையாவது உப்பைப் பாத்துப் போட்டியா?"

இருபத்திரண்டு வருஷமாக வாய்க்குள் மரியாதையாக உட்கார்ந்திருந்தது இதுதான் என்று பேச்சிக்கு அப்போது தெரிந்தது. கிண்ணத்தின் மூடியை அழுத்தி மூடினாள். கரித்துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் தெருவில் இறங்கி நடந்தாள். கீழத்தெரு முழுக்க அவளுக்குப் பின்னால் மீன்குழம்பு மணந்தது. கிண்ணத்துக்குள் நாக்கு, "எங்கட்டி போற, எங்கட்டி போற," என்று அடித்துக்கொண்டது. வள்ளிமயில் மில் வாசலில் நின்று பார்த்தாள், பார்த்துவிட்டு மில்லை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் வந்தாள்.

மண்டபத்தில், வெளியூரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த பேச்சாளர் ஒருவர், அந்த மேடையில் நாக்கு உள்ள ஒரே ஆள், "நாவை வென்றவனே உலகை வென்றவன்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். பதினோரு பேரும் வெள்ளை வேட்டியில் மாலையோடு உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சி நடுவழியாக நடந்து மேடையில் ஏறினாள். பொன்னாடைகள் அடுக்கியிருந்த மேசையில் சட்டியை வைத்தாள், பக்கத்தில் கிண்ணத்தை வைத்து மூடியைத் திறந்தாள். பேச்சாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். ஆறுமுகநயினார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினார். வீட்டுக்குப் போ.

"எழுதியாச்சா?" என்றாள் பேச்சி. "முப்பது வருசமா நீங்கதான எழுதுதிய. இன்னைக்கு நான் கேக்கேன்."

மைக் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"இந்தப் பத்திரத்துல என் கையெழுத்து எங்க இருக்கு?

"உங்களைச் சார்ந்தவன்னு என்னைச் சேத்தியள்லா, இந்தா கெடக்கே நாக்கு, இது யாரைச் சார்ந்தது? என்னையா, உங்களையா?

"முப்பத்தோரு சனிக்கிழமை விரதம் இருந்தது யாரு? கழுத்துல மாலை போட்டுட்டு இருக்கியள்லா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, நீங்களா, நானா?"

மூன்று கேள்விக்கும் பத்திர எழுத்தர் பத்திரத்தைப் பார்த்தார். அதில் பதில் எழுதியிருக்கவில்லை. நாலாவது கேள்வியை அவள் அவரிடம் கேட்கவில்லை. குனிந்து கிண்ணத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வாராவாரம் உப்பு பத்தலை, உப்பு பத்தலைன்னியே. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, நீ சாப்ட்டியாட்டின்னு கேட்டியா?"

ஆளுக்கு அவமானம் வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். நாக்குக்கே அவமானம் வந்தால் அது எதைப் பிடுங்கிக்கொள்ளும்? அது கிண்ணத்துக்குள் வெற்றிலை மடித்த மாதிரி மடிந்து, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் கிடந்தது. மேடையில் ஆறுமுகநயினார் வாயைத் திறந்து திறந்து மூடினார். பதில் சொல்ல வேண்டும்போல அவருக்கு இருந்தது, இல்லை சொல்லி அழவேண்டும்போல இருந்தது, இரண்டுக்கும் நாக்கு வேண்டும். கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

பேச்சி மூடியைப் போட்டாள். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு. அதுதான வழக்கம்?"

பிறகு அவள் பந்திக் கூடத்துக்குப் போனாள். சைவ விருந்துக்கு இலை போட்டிருந்தார்கள். முதல் இலையில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தாள். பரிமாறுகிறவன் சாம்பார் வாளியோடு வந்தான். "சோறு மட்டும் வையி," என்றாள். அவன் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான், அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, வைத்தான். வள்ளிமயில் மேசையிலிருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு எதிர் இலையில் உட்கார்ந்தாள். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"யக்கா, எனக்கும் ஒரு துண்டு," என்றாள் வள்ளிமயில்.

"இரு," என்றாள் பேச்சி. "மொதல்ல நான்."

சட்டியிலிருந்து பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அவசரப்படாமல், மென்றாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.